தோல்வியை விற்கும் வியாபாரம்

(ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். கூலியைப் பற்றிப் பேச வேண்டும், போனஸைப் பற்றிப் பேச வேண்டும், மனைப் பட்டாவைப் பற்றிப் பேச வேண்டும்; இத்தனையும் கிடக்க, செல்போன் விளையாட்டைப் பற்றியா ஒரு கூட்டம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நமது பதில் இது: போராடி வாங்கிய கூலி வீடு வந்து சேரும் முன்பே வேறொரு கை அதை எடுத்துக்கொள்கிறது என்றால், அந்தக் கை யாருடையது என்று கேட்பதும் கூலிப் பிரச்னைதான். வேலை முடிந்தபின் நமக்கென்று மிஞ்சுகிற நேரத்தையும் ஒருவன் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறான் என்றால், அதுவும் வேலை நேரப் பிரச்னைதான்.

காம்ப் ரோடு முனையில் டீக்கடை பெஞ்சைப் பாருங்கள். சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியைப் பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலைப் பாருங்கள். அகரம்தென் பக்கம் மதியச் சோற்றுக்கு வரப்பில் உட்காரும் இளைஞர்களைப் பாருங்கள். குனிந்த தலை நிமிர்வதில்லை. விளையாடுகிறவன் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பல்லைக் கடிக்கிறான். "சே!" என்கிறான். போனைப் பைக்குள் போடுகிறான். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் எடுக்கிறான்.

இன்பம் தருகிற பொருளைத் தேடி மனிதன் போவது புரிகிறது. எரிச்சலைத் தருகிற பொருளைத் தேடி ஏன் திரும்பத் திரும்பப் போகிறான்? இன்று நமக்கு முன்னால் இருக்கும் கேள்வி இதுதான்.

புலியும் ஆடும்

விளையாட்டு கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. பல்லாங்குழியும் தாயமும் ஆடாத கிராமம் உண்டா? சடுகுடு ஆடி முழங்கால் சிராய்க்காத பையன் உண்டா?

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோவில் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு போட்டு ஆடினோம். அதிலும் தோல்வி உண்டு, கோபம் உண்டு, "இன்னொரு ஆட்டம் போடுடா" என்ற வீம்பும் உண்டு. ஆனால் தோற்றவனுக்குக் காரணம் தெரியும். எந்த ஆட்டை எந்த மூலையில் அநியாயமாக வெட்டக் கொடுத்தோம் என்று அவன் அன்றிரவு படுத்தபடி நினைத்துப் பார்ப்பான். மறுநாள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். தோல்வி அவனுக்கு வாத்தியார். அவன் தோற்றதால் திண்ணைக்கு வருமானம் இல்லை.

மனிதனுக்குக் கஷ்டமான காரியத்தில் ஆசை உண்டு. நூற்பாலையில் சேர்ந்த புதிதில், ஓடுகிற கதிரில் அறுந்த இழையை இணைக்கத் தெரியாமல் விரல் தடுமாறும். பத்து நாள் கழித்துக் கை தானாகப் போகும். அன்று வருகிற நிறைவு இருக்கிறதே, அதற்கு விலை கிடையாது. முதன்முதலில் ஏர் பிடித்து நேராக ஒரு சால் ஓட்டியவனைக் கேளுங்கள், அவனும் இதையே சொல்வான். முயன்று, தோற்று, மறுபடி முயல்வது மனித குணம். அந்தக் குணத்தால்தான் மனித குலம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

இந்த நல்ல குணத்தின் மேல்தான் இப்போது ஒரு வியாபாரி கைவைத்திருக்கிறான்.

காசு விழும் யந்திரம்

ஜப்பானில் 1978-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற யந்திரம் வந்தது. 1980-ல் பாக்-மேன் வந்தது. காசு போட்டால் விளையாடலாம், ஆட்டம் முடிந்தால் இன்னொரு காசு போட வேண்டும். இதில் முதலாளியின் கணக்கைப் பாருங்கள். ஒரே காசில் ஒருவன் ஒரு மணி நேரம் ஆடினால் யந்திரக்காரனுக்கு நஷ்டம். பத்து வினாடியில் தோற்கடித்து அனுப்பினால் அவன் மறுபடி வர மாட்டான். ஆகவே சில நிமிஷம் ஆடவிட வேண்டும். பிறகு தோற்கடிக்க வேண்டும். அதுவும் "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்" என்று அவன் நினைக்கும் இடத்தில் தோற்கடிக்க வேண்டும். எவ்வளவு கஷ்டம் வைப்பது என்பது அன்றைக்கே கல்லாப்பெட்டிக் கணக்காகிவிட்டது.

நம்மூருக்கு அந்த யந்திரங்கள் அதிகம் வரவில்லை. 2016-க்குப் பிறகு இணைய டேட்டாவின் விலை சரிந்தது. யந்திரம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வியட்நாமில், ஹனோய் நகரத்து இளைஞர் ஒருவர் 2013-ல் பிளாப்பி பேர்டு என்று ஓர் ஆட்டம் செய்து வெளியிட்டார். ஒரு சின்னக் குருவி, இரண்டு குழாய்களுக்கு நடுவே பறந்து போக வேண்டும். விரலால் தட்டினால் எழும்பும், விட்டால் விழும். குழாயில் பட்டால் செத்துப்போகும். பெரும்பாலோர் ஒன்றிரண்டு குழாயைக்கூடத் தாண்டவில்லை. உலகம் முழுவதும் அதைத் திட்டிக்கொண்டே ஆடினார்கள். விளம்பரத்தால் மட்டும் நாளொன்றுக்கு 50,000 டாலர் வந்ததாகச் செய்தி வெளியாயிற்று. 2014 பிப்ரவரியில் அந்த இளைஞரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஜனங்கள் இதற்கு அடிமையாகிவிட்டார்கள், இது பிரச்னையாகிவிட்டது என்றார். தனி மனிதருக்கு மனசாட்சி உறுத்தியது. ஆனால் அவர் எடுத்த மறுவாரமே அதே மாதிரிக் குருவிகளை நூற்றுக்கணக்கில் மற்றவர்கள் பறக்கவிட்டார்கள். ஒருவர் விட்ட லாபத்தைப் பொறுக்கப் பத்துப் பேர் ஓடி வந்தார்கள்.

2012-ல் வந்த கேண்டி கிரஷ் நம் தாய்மார்களில் பலருக்குத் தெரியும். மிட்டாய்களை வரிசைப்படுத்தும் ஆட்டம். ஆட்டம் இலவசம். ஐந்து உயிர் தருவார்கள். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்தும் போனால் ஓர் உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். அங்கே விற்பனைக்கு இருக்கும் சரக்கு என்ன? மிட்டாயா? உங்கள் அவசரமும் ஆத்திரமும்தான் சரக்கு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. பொறுக்க முடியாமல் கொடுக்கிற சிலரிடமிருந்தே பெரும்பணம் சேருகிறது. அந்த இலவச ஆட்டத்தை நடத்திய கம்பெனி 2016-ல் கைமாறியபோது விலை 590 கோடி டாலர். இலவசமாகக் கொடுத்தவனுக்கு இந்த விலை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

புறாவும் தானியமும்

இதற்கு விஞ்ஞானமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற மனோதத்துவ நிபுணர் புறாக்களைப் பெட்டியில் வைத்துச் சோதனை செய்தார். ஒரு வட்டத்தைக் கொத்தினால் தானியம் விழும். கொத்தும்போதெல்லாம் விழுந்தால், புறா பசிக்கிறபோது கொத்தும், பசியாறியதும் சும்மா இருக்கும். தானியத்தை அடியோடு நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி, மூன்றாம் கொத்துக்கு ஒரு தடவை, முப்பதாம் கொத்துக்கு ஒரு தடவை என்று வைத்தால் என்ன ஆயிற்று? புறா ஓயாமல் கொத்தியது. தானியம் நின்றபின்னும் நெடுநேரம் கொத்தியது. இந்தச் சோதனைகளின் முடிவுகள் 1957-லேயே புத்தகமாக வந்துவிட்டன.

2009-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் சூதாட்ட யந்திரம் போன்ற ஒன்றை மனிதர்களை ஆடவைத்து, அப்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று படம் எடுத்தார்கள். ஒரு மயிரிழையில் தோற்றால், ஜெயித்தபோது கிளர்கிற மூளைப் பகுதிகளே அப்போதும் கிளர்ந்தன. முழுத் தோல்வியைவிட அந்த மயிரிழைத் தோல்விதான் அதிக வெறுப்பைத் தந்தது என்று ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனால் தாங்களே படத்தைத் தேர்ந்தெடுத்து ஆடியபோது, மேலும் ஆட வேண்டும் என்ற ஆசை அதனால் கூடியது என்றும் சொன்னார்கள். டீக்கடைப் பெஞ்சில் "சே!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனை எடுக்கும் பையனின் ரகசியம் இதில் இருக்கிறது.

ஆலைத் தோழர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் புரியும். கையில் கடிகாரத்தோடு ஒருவர் வந்து நிற்பார். எத்தனை வினாடியில் எத்தனை இழை என்று குறிப்பார். பிறகு வேலைப்பளு கூடும். இப்போது அந்தக் கடிகாரம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் ஆட்கள் சலித்து விடுகிறார்கள், எந்த இடத்தில் காசு கொடுக்கிறார்கள் என்று லட்சக்கணக்கான விரல்களை அளந்து, அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றுகிறார்கள். எதிரே இருப்பது திண்ணையில் உட்கார்ந்த சிநேகிதன் என்று நம் பையன் நினைக்கிறான். எதிரே ஒரு கம்பெனியின் கணக்கு இலாகாவே உட்கார்ந்திருக்கிறது.

ரம்மி தின்ற வீடுகள்

தமிழ்நாட்டில் இந்த வியாபாரம் உயிரையே விலையாகக் கேட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைச் சொல்கிறோம்.

நம் ராஜ்யத்துக்குச் சூது புதிதல்ல. 1968-ல் சர்க்காரே பரிசுச் சீட்டு நடத்தியது. பிறகு தனியார் சீட்டும், வெளி ராஜ்யச் சீட்டும் பெருகிக் கூலிக்காரன் மடியைக் காலி செய்தன. 2003 ஜனவரியில் பரிசுச் சீட்டு தடை செய்யப்பட்டது. அந்தச் சீட்டை வாங்கக் கடைக்காவது போக வேண்டியிருந்தது. ரம்மிக் கடையோ நடுநிசியில் தலையணைக்கு அடியில் திறந்திருந்தது.

2020-ல் கொரோனா ஊரடங்கு. வேலை இல்லை, கூலி இல்லை, கையில் போன் மட்டும் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கம்பெனியே கொஞ்சம் பணம் போட்டுக் கொடுத்தது. முதலில் சில நூறு ரூபாய் வந்தது. பிறகு போனது. போனதைப் பிடிக்க இன்னும் போட்டான். மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. ஐந்து நிமிஷத்தில் கடன் தரும் ஆப்புகள் இன்னொரு பக்கம் கழுத்தைப் பிடித்தன. தொழிலாளர்கள், போலீஸ்காரர்கள், மாணவர்கள், குடும்பப் பெண்கள் என்று பலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் மாதாமாதம் பத்திரிகையில் வந்தன.

ஜனங்களின் கண்டனம் எழுந்தது. 2020 நவம்பரில் ராஜ்ய சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, அக்டோபர் 19-ல் சட்டசபை புதிய மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் பல மாதம் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23-ந் தேதி சட்டசபை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் அது செல்லாது என்றது. வலையை வைத்துக்கொள், பெரிய மீன் இரண்டை விட்டுவிடு என்பது போலாயிற்று! 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று விதி வந்தது. ஜூனில் ஹைகோர்ட் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். நடத்துகிறவனுக்கும் விளம்பரம் செய்கிறவனுக்கும் அதில் தண்டனை உண்டு. ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின, கோர்ட்டுக்கும் போயின.

இந்த ஐந்து வருஷமும் கம்பெனிகள் கோர்ட்டில் சொன்ன வாதம் ஒன்றுதான்: ரம்மி திறமையாட்டம், அதிர்ஷ்டம் அல்ல என்று. 1960-களில் செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் கிளப்பில் ஆடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடினார்கள். கிளப் பூட்டுகிற நேரமும் ஒன்று இருந்தது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திறமை என்ற சொல்லே தூண்டில் முள். தோற்றவன் காதில் அது என்ன சொல்கிறது? "தப்பு உன்னுடையது, உனக்குப் பழக்கம் போதாது, இன்னும் ஆடு" என்கிறது. மேஜையில் யார் ஜெயித்தாலும் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. இரண்டு தொழிலாளிகள் விடிய விடிய மாறி மாறி ஜெயித்தால் விடியும்போது இருவர் பணமும் குறைந்திருக்கும். குறைந்த பணம் முழுவதும் கமிஷனாகப் போயிருக்கும். இதில் யாருடைய திறமை ஜெயித்தது?

சட்டத்தோடு தீரவில்லை

சட்டம் வந்தது நல்லது. ஆனால் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. பந்தயம் இல்லாத ஆட்டங்களிலும் அதே தூண்டில் இருக்கிறது. துப்பாக்கிக்கு வர்ணம், பொம்மைக்குச் சட்டை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி எல்லாம் காசுக்கு விற்கிறார்கள். அப்படிப்பட்ட சில பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் சொல்லிவிட்டது. இங்கே 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடுத்தார்கள். சீனத் தொடர்பும் தேசப் பாதுகாப்பும் காரணம் என்றார்கள். 2021-ல் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. கம்பெனி எந்த நாடு என்று பார்த்தார்களே தவிர, ஆட்டத்துக்குள் இருக்கும் பொறியைப் பார்க்கவில்லை.

ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், மற்ற வேலை எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வதை ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டது. ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் இது வருவதில்லை, சிலருக்கு வருகிறது. சீனாவில் 2021 முதல், 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரைதான் ஆன்லைன் ஆட்டம் ஆடலாம். எல்லா நாட்டுக்கும் அதுவே மருந்து என்று நாம் சொல்லவில்லை. கட்டுப்படுத்துவது முடியாத காரியம் என்று கம்பெனிகள் சொல்வது பொய் என்று மட்டும் சொல்கிறோம்.

வேலைக்குள்ளும் அதே பொறி

வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் மழையில் பை சுமந்து பறக்கும் டெலிவரித் தம்பிகளைக் கேளுங்கள். இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை என்று திரை சொல்லும். பசியோடு ஓடுவான். நேரம் முடியும்போது ஒன்று குறைந்திருக்கும். நாளைக்குப் பிடிப்போம் என்று மறுபடி வருவான். இங்கே ஆடப்படுவது அவன் சோறு.

இது ஆலைத் தோழர்களுக்குப் புதிதா? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஏழைப் பெண்களை அழைத்து வந்தார்கள். நோய் வந்தோ உடம்பு தாங்காமலோ இடையில் போன எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, ஆகவே எல்லாம் போயிற்று! திரையில் இன்று நடக்கிற வித்தையை ஆலையில் அன்றே பார்த்திருக்கிறோம்.

நாம் என்ன செய்வது?

முதலாவது: விளையாடும் இளைஞனைச் சோம்பேறி, உதவாக்கரை என்று ஏசாதீர்கள். ஏசினால் அவன் ஒளிந்து ஆடுவான், கடனையும் ஒளிப்பான். அவனுடைய வெட்கம் கம்பெனியின் கையாள். "எவ்வளவு போயிற்று தம்பி, சொல்லு, சேர்ந்து யோசிப்போம்" என்று கேளுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம். ஆள் போனால் வராது. மனம் உடைந்தவர்களுக்கு 14416 என்ற எண்ணில் சர்க்காரின் இலவச ஆலோசனை உண்டு. ஆன்லைனில் பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930-ல் புகார் கொடுக்கலாம்.

இரண்டாவது: எந்த ஆட்டத்தையும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். தோற்றதும் காரணம் தெரிகிறதா? நான் தோற்றால் யாருக்காவது காசு வருகிறதா? நிறுத்தலாம் என்று நினைத்தால் நிறுத்த விடுகிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக ஆடுங்கள்.

மூன்றாவது: பையன்களைப் போனிலிருந்து கிளப்பி எங்கே அனுப்பப் போகிறோம்? இந்த ராஜகீழ்ப்பாக்கமும் சேலையூரும் மாடம்பாக்கமும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். வயல் மனையாயிற்று. மனை வீடாயிற்று. சடுகுடு ஆடிய பொட்டல் யாரோ ஒருவருடைய காம்பவுண்டுக்குள் போயிற்று. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. வரி கட்டுகிற நமக்கு வார்டுக்கு ஒரு மைதானமும் ஒரு படிப்பகமும் கேட்க உரிமை உண்டு. கேட்போம். கிடைக்கும் வரையில் நம் சங்கக் கட்டடத்தில் ஒரு கேரம் போர்டும் சதுரங்கப் பலகையும் போடுவோம். ஆடுபுலி ஆட்டத்துக்குக் கரிக்கட்டி போதும்.

நான்காவது: வேலை நேரம். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வண்டியில் தூங்கி விழுகிறவனிடம், மைதானத்துக்கு வா, புத்தகம் படி என்றால் வருவானா? அவனுக்கு மிஞ்சுவது வண்டியில் உட்காரும் முக்கால் மணி நேரம். அதற்கு ஏற்ற அளவில்தான் அந்த ஆட்டங்களைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

1923 மே முதல் தேதி, சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கொடியை ஏற்றினார். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்காக என்பதே மே தினத்தின் கோரிக்கை. அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் சும்மா வந்ததல்ல. ரத்தம் சிந்தி வாங்கியது. குழந்தையோடு பேச, படிக்க, பாட, கூட்டம் போட, விளையாட வாங்கியது. ஆலை முதலாளியிடமிருந்து மீட்ட அந்த நேரத்தை ஆட்டக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானக் கோரிக்கை மனுவுக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகிறோம். பேச நினைக்கும் இளைஞர்களும் தாய்மார்களும் எந்த நேரத்திலும் வரலாம். சொல்வது வெளியே போகாது. வாருங்கள், தோழர்களே!